இரண்டரையை ஒன்றரையால் பெருக்கினால்?

இரண்டரையை ஒன்றரையால் பெருக்கினால் என்ன விடை வரும்? பென்சிலை எடுக்காமல், கைத்தொலைபேசியைத் தொடாமல், மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இரண்டை ஒன்றால் பெருக்கினால் இரண்டு. அரையை அரையால் பெருக்கினால் கால். ஆக, இரண்டேகால்" என்று உங்கள் மனம் சொல்கிறதா? நம்மில் நிறையப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். கேட்பதற்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. முழு எண்ணை முழு எண்ணோடு சேர்த்தோம், பின்னத்தைப் பின்னத்தோடு சேர்த்தோம். கூட்டல் கணக்கில் அப்படித்தானே செய்கிறோம்? ஆனால் சரியான விடை மூன்றே முக்கால். இடையிலே ஒரு ஒன்றரை காணாமல் போய்விட்டது!

"போனால் போகட்டும், ஒன்றரைதானே" என்று விட்டுவிடுவதற்கில்லை. பள்ளிக்கூடக் கரும்பலகையோடு நின்றுபோகிற கணக்காக இருந்தால் விட்டுவிடலாம். மாதக் கடைசியில் உங்கள் கைக்கு வருகிற சம்பளச் சீட்டிலும் இதே கணக்கு உட்கார்ந்திருக்கிறதே!

சம்பளச் சீட்டில் ஒன்றரை

வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் வேலை செய்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு மணிக்கூலியைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் உள்ள விதி. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டி வேலை செய்தால் இரண்டு மடங்கு. பொது விடுமுறை நாளில் அப்படித் தாண்டினால் மூன்று மடங்கு. இரண்டும் மூன்றும் முழு எண்கள், அவற்றில் சிக்கலில்லை. சிக்கல் பண்ணுவது இந்த ஒன்றரைதான். அடிக்கடி வருவதும் அதுதான்.

மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி கிடைக்கும். அதை ஒரு நாளின் வழக்கமான வேலை மணிகளால் வகுத்தால் மணிக்கூலி. பால் எடை போட்டும், குலை எண்ணியும் கூலி வாங்குகிறவர்களுக்குக் கணக்கு முறை வேறு. இங்கே மணிக்கணக்கில் செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்ணெய் ஆலையிலோ, பட்டணத்துத் தொழிற்சாலையிலோ வேலை செய்கிற மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒருவருடைய மணிக்கூலி 9 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சாயங்காலம் இரண்டரை மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறார். இரண்டரையை ஒன்றரையால் பெருக்கினால் மூன்றே முக்கால். அதாவது, மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு உரிய கூலி அவருக்குச் சேர வேண்டும். அது 33 வெள்ளி 75 காசு. இரண்டேகால் என்று தவறாகக் கணக்கிட்டால் 20 வெள்ளி 25 காசுதான் வரும். ஒரே சாயங்காலத்தில் 13 வெள்ளி 50 காசு குறைந்துபோகிறது. மாதத்தில் பத்து நாள் இப்படி வேலை செய்தால் 135 வெள்ளி! ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் சப்பாத்தும் வாங்கி முடித்துவிடலாம்.

வேண்டுமென்றே யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. இப்போதெல்லாம் பெரும்பாலும் கணினிதான் கணக்குப் போடுகிறது. ஆனாலும் கணினிக்குள் எண்ணைத் தட்டி விடுகிறவர் மனிதர்தானே? சீட்டைக் கையில் வாங்கி, "இது சரி", "இது குறைகிறது" என்று சொல்லத் தெரிந்தால்தான் ஆபீசுக்குப் போய் மரியாதையாகக் கேட்கவும் முடியும். "என்னமோ குறையிற மாதிரி இருக்குங்க ஐயா" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதற்கும், "பன்னிரண்டாம் தேதி இரண்டரை மணி நேரம் செய்தேன். மூன்றே முக்கால் மணிக் கூலி வரணும். இரண்டேகால்தான் போட்டிருக்கு" என்று விரலை வைத்துக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

காணாமல் போன ஒன்றரை எங்கே?

வீட்டுக்குப் பின்னால் ஒரு கீரைப் பாத்தி போடுகிறீர்கள். நீளம் இரண்டரை மீட்டர். அகலம் ஒன்றரை மீட்டர். பாத்தியின் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், இரண்டரையை ஒன்றரையால் பெருக்க வேண்டும். அதே கணக்குதான், இப்போது மண்ணில் இருக்கிறது.

நீளவாட்டில் இரண்டு மீட்டர் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள். அகலவாட்டில் ஒரு மீட்டர் முடியும் இடத்தில் இன்னொரு கயிறு கட்டுங்கள். பாத்தி இப்போது நான்கு துண்டாகப் பிரிந்துவிட்டது.

முதல் துண்டு பெரியது: நீளம் 2, அகலம் 1. பரப்பு 2. அதன் கீழே ஓர் ஒடுக்கமான துண்டு: நீளம் 2, அகலம் அரை. பரப்பு 1. பெரிய துண்டுக்குப் பக்கத்தில் ஒன்று: நீளம் அரை, அகலம் 1. பரப்பு அரை. மூலையில் ஒரு சின்னத் துண்டு: நீளமும் அரை, அகலமும் அரை. பரப்பு கால். எல்லாவற்றையும் கூட்டுங்கள்: இரண்டு, ஒன்று, அரை, கால். மூன்றே முக்கால்!

"இரண்டேகால்" என்று சொன்னவர் என்ன செய்தார்? பெரிய துண்டையும் மூலைத் துண்டையும் மட்டும் எண்ணினார். இரண்டு ஓரத் துண்டுகளையும் அப்படியே விட்டுவிட்டார். அந்த இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் அரையும், ஒன்றரை. காணாமல் போனது அதுதான்.

சம்பளக் கணக்கிலும் இதே நான்கு துண்டு உண்டு. முழுதாகச் செய்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மடங்குக் கூலி. அதே இரண்டு மணி நேரத்துக்கு மேலதிகமாக அரை மடங்கு. கடைசி அரை மணிக்கு ஒரு மடங்கு. அதே அரை மணிக்கு மேலதிக அரை மடங்கு. நடுவிலுள்ள இரண்டையும் விட்டுவிட்டால் உழைத்த உழைப்பில் பாதிக்குக் கிட்டத்தட்டக் கணக்கே இல்லாமல் போகிறது.

இதைப் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டுங்கள். பாத்தி வரைந்து பார்த்த பிள்ளை மறுபடி இரண்டேகால் என்று சொல்லாது.

தமிழ்ச் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது

ஓர் எண்ணும் ஒரு பின்னமும் சேர்ந்து இருப்பதைக் கலப்புப் பின்னம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். பெயர்தான் புதிது. ஒன்றேகால், இரண்டரை, மூன்றே முக்கால் என்று நம் பாட்டி காலத்திலிருந்து புழங்குகிற சொற்கள்தாம் இவை. "மூன்றேகால்" என்பதில் நடுவே ஓர் ஏகாரம் வருகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒரு கூட்டல் குறி. மூன்றும் காலும். எழுதும்போது 3¼ என்று கூட்டல் குறி இல்லாமல் ஒட்டி எழுதிவிடுகிறோம். அதனால்தான் பிள்ளைகளுக்கு அங்கே கூட்டல் ஒளிந்திருப்பது தெரிவதில்லை. வாயால் சொன்னால் தெரியும்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள்: அரைக்கால். இதில் ஏகாரம் இல்லை. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் ஆகிவிடும். அரைக்கால் என்பது அது இல்லை. காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. இந்தச் சொல்லே ஒரு பெருக்கல்! அரையைக் காலால் பெருக்கினால் என்ன என்று தனியாகக் கேட்கவே வேண்டாம், பெயரிலேயே விடை இருக்கிறது. முக்கால் என்பதும் அப்படித்தான், மூன்று கால். காலில் கால் பதினாறில் ஒன்று. அதற்கு வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் இரண்டாம் வாய்பாடு, மூன்றாம் வாய்பாடு போலவே கால் வாய்பாடு, அரை வாய்பாடு, முக்கால் வாய்பாடு எல்லாம் உண்டு. பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் 2003-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் இன்று பெற்றோர்களாகி வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு அரைக்கால் என்ற சொல்லே புதிதாக இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். பாட்டிக்குப் பின்னப் பெருக்கல் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பேரன்மார்களுக்கு அன்றைக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

உடைத்துப் பெருக்கும் முறை

நான்கு துண்டாகப் பிரித்துக் கூட்டுவது நல்ல முறைதான். காரணம் விளங்குவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எண்கள் கொஞ்சம் முரடாக இருந்தால் நான்கு பெருக்கல், மூன்று கூட்டல் என்று நீண்டுகொண்டே போகும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் வேறொரு முறையைக் கற்றுத் தருகிறார்கள். எல்லாவற்றையும் சின்னத் துண்டுகளாக உடைத்துவிடுவது.

இரண்டரையில் எத்தனை அரை இருக்கிறது? ஒரு முழுதில் இரண்டு அரை. இரண்டு முழுதில் நான்கு அரை. மேலே ஓர் அரை. ஆக ஐந்து அரை. அதை 5/2 என்று எழுதுகிறோம். ஒன்றரையில் மூன்று அரை. அது 3/2.

இப்போது பாத்தியை அரை மீட்டருக்கு ஒரு கயிறாகக் கட்டிப் பாருங்கள். நீளவாட்டில் ஐந்து கட்டம், அகலவாட்டில் மூன்று கட்டம். ஐந்து மூன்று பதினைந்து கட்டம். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு? அரை மீட்டருக்கு அரை மீட்டர். கால் சதுர மீட்டர். ஆகவே பதினைந்து கால், 15/4. நான்கு கால் சேர்ந்தால் ஒன்று. பன்னிரண்டு காலுக்கு மூன்று முழுது போக, மிச்சம் மூன்று கால். மூன்றே முக்கால். அதே விடை!

மேலே உள்ள எண்ணைத் தொகுதி என்றும், கீழே உள்ள எண்ணைப் பகுதி என்றும் சொல்வார்கள். மேலெண்ணை மேலெண்ணாலும், கீழெண்ணைக் கீழெண்ணாலும் பெருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறாரே, அதன் பொருள் இதுதான்: மேலே பெருக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை, கீழே பெருக்கினால் ஒரு கட்டத்தின் அளவு.

5/2, 15/4 போலத் தொகுதி பெரிதாக இருக்கும் பின்னத்துக்குத் தகாப் பின்னம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தகாத காரியம் எதையும் அது செய்துவிடவில்லை! கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றக் குறுக்கு வழி உங்களுக்கு நினைவிருக்கலாம்: முழு எண்ணைப் பகுதியால் பெருக்கி, தொகுதியைக் கூட்ட வேண்டும். மூன்றே முக்காலா? மூன்று நான்கு பன்னிரண்டு, அதோடு மூன்று பதினைந்து, 15/4. பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். பெருக்கிவிட்டுக் கூட்ட மறந்துபோவார்கள். "மூன்றே முக்காலில் எத்தனை கால் இருக்கிறது, எண்ணிச் சொல்" என்று கேளுங்கள். எண்ணச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

ஒரு ஏக்கர் நிலம்

ஹெக்டர் வருவதற்கு முன் தோட்டங்களில் எல்லாமே ஏக்கர் கணக்கு. நிலம் அளப்பதற்குச் சங்கிலி என்று ஓர் அளவு உண்டு. ஒரு சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

இப்போது ஒரு நிலம். நீளம் மூன்றே முக்கால் சங்கிலி, அகலம் இரண்டே மூன்றில் இரண்டு சங்கிலி. அதாவது 3¾ × 2⅔. உடைத்துப் பார்ப்போம். 3¾ என்பது 15/4. 2⅔ என்பது 8/3. பெருக்குவதற்கு முன்னாலேயே கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். மேலே 15, கீழே 3; இரண்டையும் மூன்றால் வகுத்தால் 5, 1. மேலே 8, கீழே 4. இரண்டையும் நான்கால் வகுத்தால் 2, 1. மிச்சம் ஐந்து இரண்டு பத்து. பத்துச் சதுரச் சங்கிலி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சரியாக ஓர் ஏக்கர்!

நம்பிக்கை வரவில்லையானால் அடியில் பாருங்கள். மூன்று சங்கிலிக்கு 198 அடி, முக்கால் சங்கிலிக்கு 49½ அடி. நீளம் 247½ அடி. இரண்டு சங்கிலிக்கு 132, மூன்றில் இரண்டு சங்கிலிக்கு 44. அகலம் 176 அடி. 247½-ஐ 176-ஆல் பெருக்கினால் 43,560 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பது நில அளவைக்காரர்களுக்கு மனப்பாடம்.

தப்பு வழியில் போனால் என்ன ஆகும்? மூன்று இரண்டு ஆறு, முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு அரை, ஆக ஆறரை. மூன்றரைச் சதுரச் சங்கிலி நிலம் பறந்து போய்விட்டது. 15,246 சதுர அடி! ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி லாலான் புல் வெட்டக் குத்தகை எடுத்தவர் இப்படிக் கணக்குப் போட்டுக் கூலி வாங்கினால், மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு மேல் சும்மா வெட்டிக் கொடுத்தவர் ஆகிவிடுவார்.

இன்றைக்கு ஏக்கர் போய் ஹெக்டர் வந்துவிட்டது. ஒரு ஹெக்டர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். பாருங்கள், இங்கேயும் இரண்டரை!

எடையிலும் இப்படித்தான். பெரியவர்கள் சொல்லும் ஒரு கட்டி என்பது ஒன்றே மூன்றில் ஒரு ராத்தல், 1⅓. நூறு கட்டி ஒரு பிக்கல். அது 133⅓ ராத்தல். 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோ வந்து இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு கட்டி சுமார் 605 கிராம். கட்டியும் ராத்தலும் கலந்து புழங்கிய காலத்தில், மூன்றே முக்கால் கட்டிக்கு எத்தனை ராத்தல் என்று கேட்டால், 15/4-ஐ 4/3-ஆல் பெருக்கி, நாலும் நாலும் அடிபட்டுப் போக, 15/3, அதாவது ஐந்து ராத்தல் என்று சட்டென்று சொல்லத் தெரிந்தவரிடம் கடைக்காரரின் தராசு கொஞ்சம் அடக்கமாகத்தான் நடந்துகொள்ளும்!

தீபாவளி முறுக்கு

தாய்மார்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பங்கு முறுக்குக்கு அரிசி மாவு ஒன்றே முக்கால் டின், உளுத்தம் மாவு அரை டின் என்று வைத்துக்கொள்வோம். (பால் டின்தான், நம் வீட்டில் வேறு எந்த டின்?) தீபாவளிக்கு வீட்டுக்கு, அக்கம்பக்கத்துக்கு, பட்டணத்தில் இருக்கிற மகளுக்கு என்று மூன்றரைப் பங்கு சுட வேண்டும்.

"அம்மா, மூனரைப் பங்குக்கு அரிசி மாவு எத்தனை டின்னும்மா?"

"மூனு ஒன்னு மூனு... முக்காலுக்கு அரை... நீதான் ஆறாம் வகுப்பு படிக்கிறியே, நீயே போட்டுச் சொல்லு!"

மகள் போட்டுப் பார்க்கிறாள். ஒன்றே முக்கால் என்றால் ஏழு கால், 7/4. மூன்றரை என்றால் ஏழு அரை, 7/2. ஏழு ஏழு நாற்பத்தொன்பது. நான்கு இரண்டு எட்டு. 49/8. எட்டு ஆறு நாற்பத்தெட்டு, மிச்சம் ஒன்று. 6⅛ டின்.

"ஆறும் எட்டுல ஒன்னும்மா."

"அப்படிச் சொல்லு, ஆறே அரைக்கால்!"

உளுத்தம் மாவு அரையை மூன்றரையால் பெருக்கினால் ஒன்றே முக்கால் டின். அம்மா முதலில் ஆரம்பித்த வழியிலேயே போயிருந்தால் அரிசி மாவு 3⅜ டின்தான் போட்டிருப்பார். உளுந்து மட்டும் சரியாக விழுந்து, அரிசி மாவு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தால் அந்த முறுக்கின் பக்குவம் என்ன கதி ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கைத்தொலைபேசி இருக்கும்போது எதற்கு?

"இதெல்லாம் எதற்கு? கைத்தொலைபேசியில் தட்டினால் போகிறது" என்பீர்கள். தட்டலாம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மணி முப்பது நிமிடத்தை 2.30 என்று தட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஒரு மணிக்கு 60 நிமிடம்; முப்பது நிமிடம் என்பது அரை மணி; தட்ட வேண்டியது 2.5. 2.30 என்று தட்டினால் 3.45 என்று வரும். மணிக்கு 9 வெள்ளி வீதம் 31 வெள்ளி 5 காசு. சரியான 33 வெள்ளி 75 காசில் 2 வெள்ளி 70 காசு குறைவு.

இரண்டு மணி இருபது நிமிடம் என்றால் இன்னும் வேடிக்கை. இருபது நிமிடம் மணியில் மூன்றில் ஒரு பங்கு. அதைப் புள்ளி வைத்து எழுதப் போனால் 2.333 என்று முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். பின்னமாக எழுதினால் 2⅓, அதாவது 7/3. அதை ஒன்றரையால், 3/2-ஆல் பெருக்கினால், மூன்றும் மூன்றும் அடிபட்டு 7/2. மூன்றரை மணிக் கூலி. ஒரு காசு பிசகில்லை. இரண்டு மணி நாற்பது நிமிடமா? 8/3-ஐ 3/2-ஆல் பெருக்கினால் நான்கு. எவ்வளவு சுலபம் பாருங்கள்! நிமிடத்தைப் பின்னமாக்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும்: பதினைந்து கால், இருபது மூன்றில் ஒன்று, முப்பது அரை, நாற்பது மூன்றில் இரண்டு, நாற்பத்தைந்து முக்கால்.

கைத்தொலைபேசியானாலும் தாளானாலும், வந்த விடை சரிதானா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஓர் எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணால் பெருக்கினால் அது பெரிதாகத்தான் வேண்டும். இரண்டரையைப் பெருக்கி இரண்டேகால் வருகிறதென்றால், பெருக்கிய பிறகு குறைந்திருக்கிறது! அது எப்படி நடக்கும்? மூன்றரைப் பங்கு முறுக்குக்கு 3⅜ டின் என்றாலும் இதே கோளாறுதான். ஒரு பங்குக்கே ஒரு டின்னுக்கு மேல் வேண்டியிருக்க, மூன்றரைப் பங்குக்கு மூன்றரை டின்கூட வரவில்லையே!

இந்தச் சோதனையில் எல்லாத் தவறும் அகப்படாது. ஏக்கர் கணக்கில் வந்த ஆறரை, மூன்றே முக்காலைவிடப் பெரிது. பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கிறது. அங்கே இன்னொரு படி போக வேண்டும். ஓர் எண்ணை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றதின் முழு எண்ணால் மட்டும் பெருக்குங்கள். மூன்றே முக்காலை இரண்டால் பெருக்கினால் ஏழரை. விடை அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். ஆறரை தவறு என்று அப்போதே தெரிந்துவிடும். மேல் எல்லைக்கு, மூன்றே முக்காலை மூன்றால் பெருக்கினால் பதினொன்றேகால். ஆக விடை ஏழரைக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவில். பத்து அங்கே பொருத்தமாக உட்காருகிறது.

வீட்டுப்பாடத்தோடு பிள்ளை உங்களிடம் வரும்போது, "எனக்கு இதெல்லாம் தெரியாது, டீச்சர்கிட்ட கேளு" என்று அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியும். கூடுதல் நேரக் கூலியையும், முறுக்கு மாவையும், பாத்தி அளவையும் வாழ்நாளெல்லாம் பார்த்துவந்தவர்கள் நீங்கள். சூத்திரத்தைப் பிள்ளை சொல்லட்டும், "ஏன் அப்படி?" என்று மட்டும் நீங்கள் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் விழித்தால், கட்டத்தாளை எடுத்துப் பாத்தியை வரையச் சொல்லுங்கள். கத்தவோ ரோத்தானை எடுக்கவோ தேவையில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கணக்குப் போதும். இருபது கணக்கை ஒரே மூச்சில் போட வைத்தால் கை பழகும், புத்தி பழகாது என்பது என் கருத்து.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க நான்கு கணக்குகள் தருகிறேன். முதலாவது: ஒரு மணி இருபது நிமிடம் கூடுதல் வேலை, ஒன்றரை மடங்குக் கூலி, எத்தனை மணிக் கூலி? இரண்டாவது: நாலரை மீட்டர் நீளம், ஒன்றே மூன்றில் ஒரு மீட்டர் அகலம் உள்ள பாத்தியின் பரப்பு என்ன? மூன்றாவது: ஒரு செம்பனை மரத்துக்கு இரண்டேகால் கிலோ உரம். ஹெக்டருக்கு 136 மரம். மூன்றரை ஹெக்டருக்கு எத்தனை கிலோ உரம்? 50 கிலோ மூட்டை எத்தனை இறக்க வேண்டும்? நான்காவது: மேலே சொன்ன முறுக்கையே இரண்டரைப் பங்கு சுட்டால் அரிசி மாவு எவ்வளவு, உளுத்தம் மாவு எவ்வளவு?

போட்ட பிறகு பாருங்கள். முதலாவதுக்கு விடை இரண்டு மணிக் கூலி. இரண்டாவதுக்கு ஆறு சதுர மீட்டர். மூன்றாவதில் ஒரு ஹெக்டருக்கு 306 கிலோ, மூன்றரை ஹெக்டருக்கு 1,071 கிலோ. 21 மூட்டை போக இன்னும் 21 கிலோ வேண்டியிருப்பதால் 22 மூட்டை இறக்க வேண்டும். நான்காவதில் உளுத்தம் மாவு ஒன்றேகால் டின். அரிசி மாவு 4⅜ டின், பாட்டியிடம் சொல்வதானால் நாலேகாலே அரைக்கால்.